ஒரே பாயில் அமர்ந்து

இராமேஸ்வரம் தீவின் கத்தோலிக்கக் குடும்பங்களில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவை அறியாதார் இலர். 2024-ஆம் ஆண்டு பெப்ருவரியில் அத்திருவிழாவுக்கு நம் கரையிலிருந்து யாத்திரை செல்லவில்லை. இலங்கையில் சிறைத் தண்டனை பெற்ற நம் படகோட்டிகளை முன்னிட்டு மீனவர் சங்கங்கள் எடுத்த முடிவு அது. அம்முடிவின் வேதனையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இரு கரை மக்களும் ஒரே கோவில் முற்றத்தில் முகம் பார்த்துப் பேசக்கூடிய நாள் ஆண்டில் ஏறக்குறைய அது ஒன்றே. அந்நாளையும் இழந்தோமே என்ற ஏக்கம் நம்மை விட்டகலவில்லை. கூடிப் பேசுதலைப் பற்றிச் சற்றே சிந்திக்க அதுவே நம்மைத் தூண்டிற்று.

கூடிப் பேசுவது நம் கடற்கரைக்குப் புதிதன்று. விசைப்படகுகள் பாக் விரிகுடாவுக்கு வந்து சேர்ந்த பின், அவற்றின் மடி கடலடியை வாரிச் செல்ல, நாட்டுப்படகுக்காரர் இரவில் விரித்த வலைகள் அறுந்தன. வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. 1970-களின் பிற்பகுதியில், அரசு அலுவலர் நடுவிருக்க, இரு தரப்பாரும் அமர்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு கடலுக்குச் செல்லும். ஏனைய நான்கு நாள் நாட்டுப்படகுக்கு உரியவை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல்தான் வந்தது. சட்டத்துக்கு முன் பிறந்த ஏற்பாடு இன்றளவும் நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. மீறியவன் மாலையில் அதே தெருவில் நடந்தாக வேண்டும். ஞாயிறன்று அதே கோவிலில் முழந்தாளிட வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டாரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

இதைப் பெருமையோடு பல மேடைகளில் நாமே சொல்லியிருக்கிறோம். ஆனால் கதையில் பாதியைத்தான் சொன்னோம் என்பது பின்னரே உறைத்தது. 1974, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் கடலில் எல்லை வகுத்தன. 1983-இல் மூண்டு 2009 வரை நீடித்த போரில் வட இலங்கை மீனவர்கள் கடலுக்குச் செல்லவொட்டாமல் தடுக்கப்பட்டனர். அக்கரைக் கடல் ஆளின்றிக் கிடந்தது. நம் விசைப்படகுகள் அங்கே மீன் தேடின. இக்கரையில் அமைதி நிலவியதற்கு அதுவும் ஒரு காரணம் அல்லவா? போர் ஓய்ந்து, கடன் வாங்கி வலை வாங்கிய நெடுந்தீவுக்காரரும் குருநகர்க்காரரும் கடலில் இறங்கியபோது, அறுந்தவை அவர்கள் வலைகள். நம் சமாதானத்தின் விலையை நம் பாயில் அமராதவர்கள் செலுத்தியிருக்கிறார்கள்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். பன்னிருவர் தாமே தீர்ப்புச் சொல்லிவிடாமல் சீடர் அனைவரையும் கூட்டினர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கோலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள்! முறையிட்ட தரப்பாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில் இந்நுட்பம் நம் கண்ணில் படவேயில்லை.

இரு கரை மீனவரும் பேசாமல் இருந்துவிடவில்லை. 2004-இல் நம்மவர் நல்லெண்ணப் பயணமாக இலங்கை சென்றனர். 2010 ஆகஸ்டில் அக்கரைப் பிரதிநிதிகள் தமிழகம் வந்தனர்; நம் தீவையும் கண்டனர். ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் செல்வது என்று அப்போது பேசி முடித்தார்கள். நல்ல முடிவு. நிறைவேறவில்லை. இரு அரசுகளும் அதற்குக் கைகொடுக்கவில்லை என்பர், அது மெய்யே. ஆனால் மடியை நிறுத்தினால் கடனை எப்படி அடைப்பது என்ற சம்மாட்டியின் கேள்விக்கும், கூலிக்குப் போகிறவனின் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கும் அந்தத் தாளில் விடை இல்லை. பின்னர் 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-இல் மீண்டும் சென்னையிலும், 2016-இல் புதுதில்லியிலும், 2025 மார்ச்சில் வவுனியாவிலும் பேச்சு நடந்தது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் நம் பக்கம் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது. படகொன்றுக்கு 80 இலட்சம் ரூபாய். அதில் மீனவர் பங்கு பத்தில் ஒன்று, வங்கிக் கடன் ஐந்தில் ஒன்று. ஏற்கெனவே கடனில் மூழ்கியவனிடம் இன்னொரு கடனைக் காட்டினால் அவன் தயங்குவது வியப்பன்று.

இப்பேச்சுகளின் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்களே வீற்றிருக்கின்றனர். பாம்பனையடுத்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று தங்களுக்குள் கூடி வரையறை செய்துகொண்டவர்கள். பாசி மீண்டும் வளர வேண்டுமே என்ற கவலையில் தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொண்ட அவர்களை எந்தப் பாயில் அமர்த்தினோம்?

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கின் குடும்பங்களைக் கோவில் முற்றத்தில் கூட்டினோம். சங்கத் தலைவர்கள் கடைசியில் பேசட்டும், கூலிக்குப் போகிறவர்களும் தாய்மார்களும் முதலில் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, மகன் சிறையிலிருந்து மீண்டு வந்த தாய் ஒருவர் எழுந்தார். "சாமி, அக்கரையில் ஒரு வலை அறுந்தால் அந்த வீட்டுக்கு எத்தனை நாள் அடுப்பு எரியாது?" என்று கேட்டார்.

விடை தெரிந்தவர் அங்கே ஒருவரும் இலர். யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் நமக்கு அறிமுகமான குருவானவர் ஒருவருக்கு அன்றிரவே கடிதம் எழுதினோம்.