பாதி இடுப்பு மாற்று: பந்தைவிடத் தண்டு முக்கியம்

வயதானவர் வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிடுகிறது. அப்போது எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் பெரும்பாலும் அறுந்துபோகும். திருகாணி போட்டு இணைத்தாலும் ரத்தம் கிடைக்காத தலை செத்துவிடக்கூடும். அதனால்தான் அதை அகற்றிவிட்டு, தண்டோடு கூடிய உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். இடுப்பெலும்பின் கிண்ணத்தில் கை வைப்பதில்லை. எனவே இது பாதி மாற்று.

பந்தில் இரு வகை உண்டு. யூனிபோலார் என்பது ஒரே பந்து. பைபோலாரில் சிறிய பந்து, பிளாஸ்டிக் உறை வைத்த பெரிய பந்துக்குள் சுழலும். அசைவு இரண்டு இடங்களில் பகிரப்பட்டால் கிண்ணத்தின் குருத்தெலும்பு குறைவாகத் தேயும் என்பது எதிர்பார்ப்பு. விலை கூடுதல், ஆனால் வலியிலோ நடையிலோ தெளிவான ஆதாயம் இருப்பதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை.

தண்டு விஷயத்தில் வித்தியாசம் பெரிது. 1950களில் அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் உருவாக்கிய தண்டில் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே எலும்பு வளர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. முதியவர்களின் எலும்போ மெலிந்தது; தண்டு தளர்ந்து தொடை வலிப்பதுண்டு, தட்டி இறக்கும்போதே எலும்பில் விரிசல் விழுவதும் உண்டு.

மாற்று வழி எலும்பு சிமென்ட். பொடியையும் திரவத்தையும் குழைத்து, சுத்தம் செய்த எலும்புக் குழலுக்குள் செலுத்தித் தண்டை இறக்குவார்கள். சில நிமிடங்களில் அது சூடேறி இறுகும். அழுத்தத்தில் மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தம் சட்டென்று சரியும் அபாயம் உண்டு. மயக்க மருத்துவர் கண்கொத்திப் பாம்பாக இருந்தாக வேண்டிய நேரம் அது.

அந்த அபாயத்துக்குத் தகுந்த பலன் உண்டா? பிரிட்டனில் 60 வயது கடந்த 1,225 பேரிடம் நடந்த ஒயிட் 5 ஆய்வு 2022இல் வெளிவந்தது. சிமென்ட்டோடு போட்டியிட்டது மூரின் பழைய தண்டு அல்ல, நவீனத் தண்டு. அப்படியும் 4 மாதத்தில் சிமென்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரமே மேலாக இருந்தது. தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தவர்கள் சிமென்ட் தரப்பில் 0.5%, மற்றதில் 2.1%.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், பைபோலாரா என்று கேட்பதற்கு முன், சிமென்ட் வைப்பீர்களா, இல்லையென்றால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.