கதவு திறந்திருக்கும் இரண்டு நிமிடம்

மூட்டை முடிச்சுகளோடு என் சைக்கிளின் எடை 35 கிலோ. சாலையில் உருளும்போது அது தெரிவதில்லை. ரயில் பெட்டியின் படியில் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போது இடுப்பு சொல்லிவிடும். ஐரோப்பாவில் பெரிய சந்திப்புகளைத் தவிர மற்ற நிலையங்களில் விரைவு ரயில் இரண்டு நிமிடம் நின்றால் அதிகம். நம் ஊரைப்போல் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு கைவீசி வந்து உட்கார முடியாது. பெரும்பாலான ரயில்களில் நாமே ஏற்றி, நாமே கொக்கியில் மாட்டி, நாமே இறக்க வேண்டும். டிக்கெட் வாங்குவது முதல் பை கட்டுவது வரை எல்லா ஏற்பாடும் அந்த இரண்டு நிமிடத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஒரு கோடையில் நானும் தம்பியும் ஹாம்பர்க்கிலிருந்து மியூனிக் வழியாகச் சால்ஸ்பர்க் வரை ரயிலில் போனோம். அங்கிருந்து ஆல்ப்ஸைக் கடந்து அட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் கிராடோ வரை சைக்கிள். ஆல்பே அட்ரியா என்னும் அந்தப் பாதை சுமார் 410 கி.மீ. அந்தப் பயணத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, சைக்கிளுக்கு இடம் பிடிப்பது. நமக்கான டிக்கெட் அதற்குப் பிறகுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று தன் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுச் சைக்கிளைச் சேர்க்கப் போகிறவர், அந்த ரயிலில் சைக்கிள் இடம் தீர்ந்துபோனதைப் பார்த்து விழிப்பார். ஜெர்மனியின் ஐசிஇ 4 ரயில் 12 பெட்டிகளும் 346 மீட்டர் நீளமும் கொண்டது. 800 பேருக்கு மேல் உட்காரலாம். சைக்கிளுக்கு எட்டு இடம். 2017 இறுதியில் இந்த ரயில் ஓடத் தொடங்கியதால் அந்த எட்டு இடமாவது வந்தது. அதற்கு முந்தைய அதிவேக ரயில்கள் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு இடமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணி உரிமை விதிகள், புதிதாக வாங்கும் ரயில்களில் குறைந்தது நான்கு சைக்கிள்களுக்கு இடம் வேண்டும் என்கின்றன. நான்கு! அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வந்தால் ரயில் நிரம்பிவிட்டது. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகிறவர்கள் முன்பதிவு திறந்ததுமே இடம் பிடித்துவிடுவது நல்லது. சைக்கிள் தொங்கும் பெட்டியிலேயே நம் இருக்கையும் அமைந்தால் ஓட்டம் மிச்சம்.

நாடு மாறினால் விதியும் மாறும். நெதர்லாந்தில் வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சைக்கிளை ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தடை இல்லை. சுவிட்சர்லாந்தின் இன்டர்சிட்டி ரயில்களில் மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை முன்பதிவு கட்டாயம். பிரான்ஸில் டிஜிவி ரயில்கள் சிலவற்றில் மட்டுமே சைக்கிளை அப்படியே ஏற்றலாம். மற்றவற்றில் சக்கரத்தைக் கழற்றி உறைக்குள் போட வேண்டும். இத்தாலியின் அதிவேக ரயில்களும் உறை கேட்பவைதான். கோபன்ஹேகனின் புறநகர் ரயிலில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஏறப்போகும் ரயிலின் விதியை மட்டும் பார்த்தால் போதும்.

உறை என்ற பேச்சு வந்தாலே நான் அந்த ரயிலை விட்டுவிடுவேன். எட்டுப் பத்துப் பைகளோடு, நிலைய வாசலில் கிரீஸ் கையுடன் பெடல் கழற்றும் வேலை எனக்கு வேண்டாம். அதற்குப் பதில் நின்று நின்று போகும் வட்டார ரயில் மேல். ஜெர்மனியில் இவற்றுக்குப் பொதுவாக முன்பதிவு இல்லை, சைக்கிளுக்கு ஒரு நாள் சீட்டு வாங்கினால் போதும். மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் நம்மிடம் இருந்தாலும் சைக்கிள் அதில் அடங்காது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு நாங்கள் இப்படித்தான் போனோம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

இனி பைகள். ஆளுக்குப் பின்பக்கப் பை இரண்டு, முன்பக்கப் பை இரண்டு, கேரியர் மேல் ஒரு கூடாரச் சுருள், ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை. இருவருக்கும் பன்னிரண்டு உருப்படி. பன்னிரண்டை இரண்டு நிமிடத்தில் ஏற்ற முடியாது, ஆறை ஏற்றலாம். பின்பைகள் இரண்டையும் தோள்வாரால் பிணைத்து, நடுவே கூடாரச் சுருளைச் செருகினால் ஒன்று. முன்பைகள் இரண்டும் ஒரு பெரிய பைக்குள் போனால் இரண்டு. இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த பைகளைவிட, ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டப்பை அருமையாக உழைத்தது. பணமும் பாஸ்போர்ட்டும் இருக்கும் சின்னப் பை கழுத்தில் தொங்கினால் மூன்று. தண்ணீர்ப் புட்டி, காற்றுப் பம்பு, விளக்கு எல்லாவற்றையும் முதல்நாள் இரவே கழற்றி உள்ளே போட்டுவிட வேண்டும். தொங்கும் சைக்கிளிலிருந்து ஒரு புட்டி அடுத்தவர் மடியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பைகளை எப்போது கழற்றுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நிலைய வாசலிலேயே கழற்றினால் அத்தனையையும் கையால் சுமக்க வேண்டும். ரயில் வந்தபின் கழற்றினால் கதவு மூடிவிடும். நடைமேடையில், நம் பெட்டி வந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து நின்ற பிறகு, வண்டி வரப் பத்து நிமிடம் இருக்கும்போது கழற்றுவதே சரி. அதுவரை சைக்கிளே நமக்குத் தள்ளுவண்டி. இடையில் வரும் லிஃப்ட் சில நிலையங்களில் சைக்கிளைவிடக் குட்டையாக இருக்கும். பின்சக்கரத்தில் செங்குத்தாக நிறுத்தித்தான் நுழைய வேண்டும். மூட்டையோடு அது நடக்காது. சில படிக்கட்டுகளின் ஓரத்தில் சக்கரம் உருள ஒரு பள்ளத் தடம் போட்டிருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பக்கப் பை கைப்பிடிச் சுவரில் இடிக்கும்.

ஜெர்மன் நடைமேடைகள் ஆங்கில எழுத்துகளால் பகுதி பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்தருகே நிற்கும் என்பதைப் பலகையில் காட்டுவார்கள். ஐசிஇ 4-இல் சைக்கிள் பெட்டி ஒரு முனையில் இருக்கும். அதை நம்பி அந்த முனையில் நின்றோம். ரயில் வர மூன்று நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். தம்பி பலகையைப் பார்த்துவிட்டு, “அக்கா, பெட்டி வரிசை தலைகீழாம். அந்தக் கடைசிக்கு ஓடணும்” என்றான். பைகளெல்லாம் கழற்றித் தரையில் கிடந்தன. கட்டப்பை என் தோளில், பிணைத்த பைகள் ஹேண்டில்பாரின் குறுக்கே, 300 மீட்டருக்கு மேல் ஓட்டம். அன்று முதல் ஒலிபெருக்கி பேசினால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம்.

வண்டி நின்றதும் முதலில் இறங்குபவர்கள் இறங்கட்டும். நடத்துநர் நடைமேடையில் தெரிந்தால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். சைக்கிள்காரர்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் கதவு மூடுமுன் ஒருமுறை பார்ப்பார். இருவரில் ஒருவர் வெறுங்கையோடு ஏற வேண்டும். மற்றவர் கீழிருந்து முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்க, மேலே இருப்பவர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பார். முதல் சைக்கிள் உள்ளே, இரண்டாவது சைக்கிள் உள்ளே, பிறகுதான் பைகள். பைகளை முதலில் எறிபவர்கள் வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு நிதானமாகக் கொக்கிக்குக் கொண்டுபோகலாம்.

கொக்கியில் முன்சக்கரத்தின் ரிம்மை மாட்ட வேண்டும். பக்கத்துச் சைக்கிளின் ஹேண்டில்பாரோடு சிக்கினால் ஒன்றை முன்சக்கரத்திலும் அடுத்ததைப் பின்சக்கரத்திலும் மாட்டலாம். நிமிர்ந்து நிற்கும் சைக்கிளின் பின்மட்கார்டு தரையில் இடித்து மடங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வட்டார ரயிலில் கொக்கி இராது, மடக்கு இருக்கைகள் உள்ள இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பார்கள். அங்கே பிரேக்கை ரப்பர் பட்டையால் இறுகக் கட்டினால் சைக்கிள் நகராது. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதல் உரிமை. ஏற்கெனவே சைக்கிள் சாய்த்திருப்பவரிடம் எங்கே இறங்குகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நம்முடையதை அதன்மேல் சாய்க்க வேண்டும். கடைசியில் இறங்குபவருடையது சுவரோடு, முதலில் இறங்குபவருடையது வெளியே. கேட்காமல் சாய்த்தவர் ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து நிற்பார்.

மாறும் ரயிலுக்கு இடையில் நாற்பது நிமிடமாவது விடுகிறோம். தனியாள் அடுத்த வண்டியில் தொற்றிக்கொள்ளலாம். சைக்கிளுக்கு அந்த வண்டியில் இடம் மிஞ்சியிருக்காது.

இத்தனை பதற்றத்துக்கும் மாற்றாக, ஆல்பே அட்ரியா பாதையிலேயே ஒரு சாதுவான ரயில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைனைத் தாண்டியதும் பொக்ஸ்டைனில் சைக்கிள் பாதை நின்று, எதிரே மலை. 1909-இல் திறந்த தௌவர்ன் சுரங்கம், எட்டரைக் கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கார்களைச் சுமக்கும் ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மால்னிட்ஸ். அப்பால் நீண்ட இறக்கம். இத்தாலிக்குள் நுழைந்த பிறகு கதை தலைகீழ்: ரயில் கைவிட்ட பொன்தெப்பா தடத்தின் மேலேயே சைக்கிள் ஓடுகிறது. க்யூசாஃபோர்த்தேயின் பழைய நிலையத்தில் இப்போது சைக்கிள்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள்.

கிராடோவுக்கு ரயில் கிடையாது. கடலுக்குள் போட்ட சாலை வழியாக அக்விலேயாவைக் கடந்து செர்விஞானோ நிலையத்துக்கு மிதித்துத் திரும்பினோம். அங்கிருந்து உதினே. உதினேயிலிருந்து ஆஸ்திரியாவின் ஃபில்லாக்குக்கு மிக்கோத்ரா ரயில். சைக்கிளுக்கு இடம் தாராளம், ஆனால் நாளுக்கு ஓரிரு முறைதான் ஓடும்.

இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்து சைக்கிளைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். உருப்படிகளைக் கதவு திறக்குமுன் உள்ளேயே எண்ண வேண்டும்: ஆறு பை, இரண்டு சைக்கிள், எட்டு. ஃபில்லாக் வரும்போது மலைகளைப் பார்த்துக்கொண்டு எண்ணாமல் இறங்கிவிட்டோம். நடைமேடையில் தம்பி எண்ணினான்.

“ஏழுதான்க்கா வருது.”

கட்டப்பை இருக்கைக்கடியில். ரயில் அந்த நிலையத்தோடு முடிவதால், அவன் நடந்தே போய் எடுத்து வந்தான்.