மழையில் பாடும் கரும்பூங்குருவி

மழைக்காலத்தில் மாதேரான், மகாபலேஷ்வர் மலைகளுக்குப் போய்வரும் மும்பைத் தமிழர்கள் அநேகர். அங்கே விடியற்காலையில் மர உச்சியில் அமர்ந்து ஒரு பறவை நெடுநேரம் பாடும். குயில் என்று நினைப்பவர்கள் உண்டு. அது குயில் அல்ல, கரும்பூங்குருவி. ஆங்கிலத்தில் ‘பிளாக்பேர்ட்’ என்பார்கள்.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1839-ல் இதற்கு ‘சிமிலிமஸ்’ என்று பெயரிட்டார். லத்தீனில் ‘மிக ஒத்தது’ என்று பொருள். ஐரோப்பியக் கரும்பறவையும் இதுவும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்று இதைத் தனி இனமாகக் கொள்கிறார்கள்.

மைனா அளவுதான்

உருவம் ஏறத்தாழ மைனா அளவு. பெயரில்தான் கருமை, வட மலைத்தொடரில் உள்ள ஆணின் உடல் கரும்பழுப்பு, தலையில் மட்டும் கறுப்புத் தொப்பி. அலகும் கால்களும் கண் வளையமும் ஆரஞ்சு மஞ்சள். பெண் பறவை சாம்பல் கலந்த பழுப்பு. நீலகிரிச் சோலைகளிலும் இதன் உறவினங்கள் உண்டு.

சருகுக்கு அடியில் சாப்பாடு

பாடுவது உச்சியில் என்றாலும் பிழைப்பு தரையில்தான். தத்தித் தத்திச் சென்று, காய்ந்த இலைகளை அலகால் புரட்டி, மண்புழு, பூச்சி, நத்தைகளைத் தின்னும். காட்டுப் பழங்களும் பிடிக்கும். அவற்றின் விதைகளை வேறிடத்தில் போட்டுக் காட்டை வளர்க்கும்.

மழையோடு குடும்பம்

மேற்கு மலைகளில் மழை தொடங்கியதும் மண் இளகிப் புழுக்கள் மேலே வரும். அதுவே இதன் இனப்பெருக்கக் காலம். பாசி, வேர், ஈரமண் கொண்டு தாழ்வான கிளையில் கிண்ணம் போலக் கூடு கட்டும். பழுப்புப் புள்ளிகளுடன் வெளிர் நீலப்பச்சையாக மூன்று நான்கு முட்டைகள் இடும். குஞ்சுகளுக்குத் தாய், தந்தை இரண்டும் இரை ஊட்டும். குளிர்காலத்தில் ஒரு பகுதிப் பறவைகள் தெற்கு நோக்கியும் தாழ்நிலங்களுக்கும் போய்விடும். அப்போது பாட்டும் இராது.

நம் கையில் உள்ளது

சருகைக் கூட்டி எரித்தால் இதன் உணவு போயிற்று. நாம் வீசிவிட்டு வரும் மிச்சச் சோறும் சிப்ஸும் காக்கைக் கூட்டத்தைப் பெருக்கும். காக்கைக்குக் கூட்டிலுள்ள முட்டையும் உணவே. மலைக்குப் போகிறவர்கள் குப்பையைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்தால், அடுத்த மழையிலும் அந்தப் பாட்டு கேட்கும்.