தொலைநோக்கி வாங்கும் முன்

அறிவியல் மன்றத்துக்குத் தொலைநோக்கி வாங்க விரும்பும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்பதே. கடையில் கேட்க வேண்டியதோ, "பொருளருகு லென்சின் விட்டம் எவ்வளவு?" என்பது.

பொருளருகு லென்சின் குவியத்தொலைவைக் கண்ணருகு லென்சின் குவியத்தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 600 மி.மீ.யை 4 மி.மீ.யால் வகுத்தால் 150. மும்மடங்கு பார்லோ லென்சும் சேர்ந்தால் 450. மலிவான கருவிகளின் பெட்டியில் அச்சாவது இத்தகைய எண்தான். ஆனால், விட்டத்தின் மி.மீ. அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கே பயன்தரும் வரம்பு. 50 மி.மீ. லென்சுக்கு 100 மடங்கு. அதற்கு மேல் பிம்பம் மங்கும். 1610இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கில்தான்.

முக்காலியையும் தொட்டுப் பாருங்கள். அது ஆடினால் நிலாகூடப் பார்வையில் நிற்காது. வரிசையில் காத்திருந்து எதையும் காணாத மாணவர் மறுமுறை வரமாட்டார்.

கண்ணருகு லென்சில் திருகும் சூரிய வடிகட்டி இருந்தால் அகற்றிவிடுங்கள். குவியும் வெப்பத்தில் அது வெடித்தால் பார்வையே போகலாம். சூரிய வடிகட்டி குழாயின் முன்முனையில்தான் இருக்க வேண்டும்.

பணம் குறைவெனில் நல்ல 7×50 இருகண்நோக்கி போதும். நிலவின் பெரும் பள்ளங்களும் கார்த்திகை விண்மீன் கூட்டமும் அதில் அழகாகத் தெரியும்.