கால் ஒடிந்தது யார் குற்றம்?

வரும் ஞாயிறு மாலை செமிலிங்கில் நண்பர்கள் சிலர் ‘இன்ஹெரன்ட் வைஸ்’ படத்தைத் திரையிடுகிறார்கள். போன வாரம் அதைப் பற்றி இங்கே இரண்டு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, இது துப்பறியும் படமா சிரிப்புப் படமா என்று கேட்கின்றன. மீதி, தலைப்புக்கு விளக்கம் கேட்கின்றன. பீடோங் வாசகர் ஒருவர் கதைச்சுருக்கத்தைப் படித்துப் பார்த்தாராம், அதுவும் புரியவில்லையாம். வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே படத்தில் வரும் ஹிப்பிகள் என்றால் யார் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. எழுபதுகளில் பினாங்கு பத்து ஃபிரிங்கிப் பக்கம் போய்வந்த சித்தப்பா யாராவது வீட்டில் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

கதையையும் சுருக்கமாகவே சொல்கிறேன். தாமஸ் பிஞ்சனின் 2009ஆம் ஆண்டு நாவலை 2014இல் பால் தாமஸ் ஆண்டர்சன் படமாக்கினார். இடம் லாஸ் ஏஞ்சல்ஸ், ஆண்டு 1970. டாக் ஸ்போர்டெல்லோ (வாக்கின் ஃபீனிக்ஸ்) கஞ்சாப் புகையிலேயே குடியிருக்கும் தனியார் துப்பறிவாளர். பழைய காதலி ஷாஸ்டா ஒருநாள் வந்து நிற்கிறாள். தன் இப்போதைய காதலனான நிலமுதலாளி மிக்கி வுல்ஃப்மேனை அவன் மனைவியே மனநோய் விடுதியில் தள்ளப் பார்க்கிறாள் என்கிறாள். பிறகு இருவருமே காணாமல் போகிறார்கள். இடையில் ‘கோல்டன் ஃபேங்’ என்று ஒன்று வருகிறது. அது ஒரு கப்பல், போதைப்பொருள் கும்பல், வரியைக் குறைக்கப் பல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பும்கூட. எது உண்மை என்று தேடாதீர்கள், மூன்றும்தான்.

நான் நின்று பேச விரும்புவது தலைப்பைப் பற்றி. டாக்கின் வக்கீல் நண்பர் சாஞ்சோ கப்பல் வழக்குகள் பார்ப்பவர். தலைப்பு அவர் தொழிலிலிருந்து வருகிறது. கடல்வழிச் சரக்குக் காப்புறுதியில் ‘இன்ஹெரன்ட் வைஸ்’ என்று ஒரு விலக்கு உண்டு. சரக்கு தன் சொந்தக் குணத்தாலேயே கெட்டுப்போனால் இழப்பீடு கிடையாது. ஈரத்தோடு கட்டி அனுப்பிய ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடித்தாலோ, கொப்பரை கப்பலுக்குள்ளேயே சூடேறிப் புகைந்தாலோ, கடல்மீது பழி போட முடியாது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டு கடல்சார் காப்புறுதிச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. நம் நாட்டுக் கப்பல் காப்புறுதியும் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் நடக்கிறது.

காப்புறுதிக்காரர்கள் தரும் விளக்கம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் பாலிசியில் தனியாக எழுதி வாங்கிக்கொண்டால் அந்தச் சொந்தக் குறைக்கும் பணம் கிடைக்கும். இந்தோனேசியாவிலிருந்து போன சோயா வழியில் சூடேறிக் கெட்ட வழக்கில், 1983இல் பிரிட்டனின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. தவிர்க்கவே முடியாதது என்கிறார்களே, அதற்கும் பிரீமியம் உண்டு. அதைவிட என்னை உறுத்துவது வேறு கேள்வி. எது சரக்கின் குணம், எது அலையின் வேலை என்று தீர்மானிப்பது யார்?

இதற்கு விடை தந்த இரண்டு வழக்குகளிலும் சரக்கு வந்துகொண்டிருந்தது நம் லுமுட்டுக்கு. முதல் வழக்கில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு மின்மாற்றி கடல் ஆட்டத்தில் பழுதானது. சாதாரணப் பயணத்தைத் தாங்காத சரக்கு, குறை அதனுடையதே என்று 2004இல் லண்டன் நீதிபதி முடிவு சொன்னார். மேபான் காப்புறுதி நிறுவனம் ஜெயித்தது. அடுத்தது செண்டோர் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை. 2005 ஆகஸ்டில் டெக்சஸிலிருந்து மிதவைமீது ஏற்றிக் கிளப்பினார்கள். மூன்று கால்கள், ஒவ்வொன்றும் 300 அடிக்கு மேல். தென்னாப்பிரிக்காவில் நிறுத்திக் கால்களைப் பழுதுபார்த்தும், நவம்பரில் டர்பனைத் தாண்டியதும் ஒரு கால் ஒடிந்து விழுந்தது. மறுநாள் மற்ற இரண்டும் போயின. அலைகள் எதிர்பார்த்த அளவுதான், ஆகவே கால்களின் சொந்தக் குறையே காரணம் என்றது காப்புறுதி நிறுவனமான சியாரிகாட் தக்காஃபுல் மலேசியா. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. அலை சாதாரணமானதாக இருக்கலாம், ஒடித்தது அலைதானே? வெளியிலிருந்து வந்த ஒன்று சேதத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால் அந்த விலக்கு செல்லாது என்றார்கள் நீதிபதிகள். மின்மாற்றித் தீர்ப்பின் நியாயமும் அத்தோடு அடிபட்டது.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். ஹிப்பிக் காலம் ஏன் மறைந்தது? போதையில் அழுகியது, மேன்சன் என்பவனின் ஹிப்பிக் கும்பல் செய்த கொலைகளோடு நாறியது, அதன் குணமே அதுதான் என்பது அமெரிக்க அதிகாரிகளும் பத்திரிகைகளும் சொல்லி நிலைத்துவிட்ட பதில். படத்தின் தலைப்பும் முதல் பார்வைக்கு அதற்குத் தலையாட்டுவது போல இருக்கும். காட்சிகள் அப்படிச் சொல்லவில்லை. செத்துப்போனதாக நம்பவைக்கப்பட்ட சாக்ஸபோன் கலைஞன் கோய், போலீசின் ஒற்றனாக உயிரோடு திரிகிறான். நிக்சன் கூட்டத்தில் கூச்சல் போடுபவனாக டிவியில் தெரிகிறான். இது வெறும் கற்பனை அல்ல. இயக்கங்களுக்குள் ஒற்றர்களை நுழைத்த எஃப்பிஐயின் இரகசியத் திட்டம் 1956 முதல் 1971 வரை நடந்தது. எஃப்பிஐ அலுவலகம் ஒன்றைச் சிலர் உடைத்து ஆவணங்களை எடுத்து வெளியிட்ட பிறகே ஊருக்குத் தெரிந்தது. குறை இல்லாத கால்கள் என்று நான் சொல்லவில்லை. அலையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

சிறையிலிருந்து வெளியே வரும் தாரிக் என்ற கறுப்பின இளைஞன், தான் வளர்ந்த தெருவே இல்லாமல் போனதைச் சொல்லும் இடம் கெடாக்காரர்களுக்கு உடனே புரியும். அங்கே தெருவை இடித்து எழுப்பியதற்கு ‘சேனல் வியூ எஸ்டேட்ஸ்’ என்று பெயர். இங்கே எஸ்டேட்டை இடித்துத் தாமான் என்று குடியிருப்பு எழுப்புகிறோம். பால்மர விலை விழுந்தது, தோட்டம் தானாக முடிந்தது என்பதுதான் நம் ஊர் விளக்கம். தோட்டம் மட்டுமல்ல: 2013 டிசம்பரில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி என்ற பழங்காலக் கோயில் எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்செய்தபோது தரைமட்டமானது தெரியவந்தது. பினாங்கின் அன்றைய துணை முதலமைச்சர் பி. இராமசாமி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். நிலம் தனியாருடையது, பாரம்பரிய இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்றது கெடா மாநில அரசு. இயந்திரத்தை ஓட்டியது யார் என்ற கேள்விக்கு அரசிதழைப் புரட்டிக் காட்டிய பதில் அது. டாக்கைக் கூட்டிவந்து விசாரிக்கச் சொல்லலாம். பாதி வழியில் தூங்கிவிடுவார் என்பதுதான் பயம்.

மற்ற கேள்விகள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா? வேண்டாம்.

எவ்வளவு நேரம்? 148 நிமிடம்; நடுவில் எழுந்து போனாலும் கதை பெரிதாக நகர்ந்திருக்காது.

நாவலை முதலில் படிக்க வேண்டுமா? தேவையில்லை, அதுவும் இப்படித்தான் சுற்றவிடும்.

படத்தில் கதை சொல்லும் பெண் உண்மையில் இருக்கிறாளா? அவள் வரும் காட்சிகளில் டாக்கைத் தவிர வேறு யாராவது அவளிடம் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

ஆஸ்கர் வாங்கியதா? தழுவல் திரைக்கதை, உடையமைப்பு என இரண்டு பரிந்துரைகள். கையில் ஒன்றும் வரவில்லை.