தீர்த்தமும் மாத்திரையும்

மலேசியாவின் பேராக்கில், ஈப்போ பக்கம் வீட்டில் ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் அலறினால், முதலில் தேடிப்போவது பூசாரியைத்தான். கயிறு மந்திரிப்பார்கள், முனீஸ்வரருக்கு நேர்ந்துகொள்வார்கள். அருகிலேயே தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இயங்குகிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டதால், அங்கே போகக் கூசும் குடும்பங்கள் ஏராளம்.

பேராக் தோட்டப்புறத்து மனக்காயம் ஒரு தலைமுறையோடு முடிந்ததல்ல. 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு அள்ளிச் சென்றனர். எத்தனையோ பேர் திரும்பவேயில்லை. 1948இல் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, 12 ஆண்டு அவசரகாலம் தொடங்கியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. மாரியம்மன் திருவிழாவுக்குக் கூடிய சொந்தபந்தமும் சிதறியது.

இத்தகைய அதிர்ச்சி உடம்பிலும் தங்குகிறது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, ஆபத்து நீங்கிய பிறகும் சிலருக்கு ஓயாது. கதவு படாரென்று அடித்தாலே நெஞ்சு படபடக்கும். காத்து கருப்பு என்று வீட்டார் பயப்படுவது சில நேரம் இதைத்தான். நிதானமான மூச்சு வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைத் தணிக்கும். ஜெபத்திலும் பஜனையிலும் நடப்பதில் இதுவும் ஒன்று. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் மனம் நொந்தவர்களுக்கு அவரவர் சமய ஜெபத்தையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர் ரகுராமின் குழுவினர் ஆராய்ந்து 2002இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் எழுதினர். நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே பேயோட்டம் ஏதுமில்லை. காலையில் சிறு பூசை, பிறகு முற்றம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே குடும்பத்தார் ஒருவர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும் அந்த அரவணைப்பு வீண்போகவில்லை என்பது என் முடிவு.

அதற்காக மருந்தை ஒதுக்கினால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினர். அதன் பிறகு வந்த பாடம் முக்கியமானது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் தர்காவைக் கவனிக்கும் முஜாவர்களே நோய்க்குறிகளைக் கண்டு, அதே வளாகத்திலுள்ள மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். துவாவும் நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஏர்வாடி தர்காவிலும் இம்முறை வந்தது.

பேராக்கில் இதற்கு வேண்டிய எல்லாமே உண்டு: கோயில்கள், தேவாலயங்கள், மருத்துவமனை, சமூக மனநல மையமான மெந்தாரி. கோயில் நிர்வாகத்தாரே, வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் ஒரு மனநல ஆலோசகருக்கு மண்டபத்தில் இடம் கொடுங்கள். பூசாரிகளுக்கு நோய்க்குறிகளைச் சொல்லிக்கொடுக்க மருத்துவர்களை அழையுங்கள். வீட்டில் ஒருவர் தவித்தால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணை இன்றே அழையுங்கள்.