கடுக்காயும் சுண்ணாம்பும்: வீட்டுச் சுவரில் ஒரு பளிங்கு

ஜவ்வாது மலைச் சரக்கு என்றால் நம் மளிகை வணிகர்களுக்குச் சாமையும் தேனும் புளியும்தான் உடனே நினைவுக்கு வரும். கடுக்காய் கடைசியில்தான் வரும். நாட்டு மருந்து அலமாரியில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கிடக்கும் இந்தக் காய்க்கு ஒரு காலத்தில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடுவோர். குரோமியம் உப்பு வந்த பிறகு அவர்களுடைய தேவை சுருங்கிவிட்டது. மற்றவர் கொத்தனார். சிமெண்ட் வந்ததும் அவரும் கடுக்காயை மறந்தார். அந்த இரண்டாவது வாடிக்கையாளர் இப்போது மெல்லத் திரும்பி வருகிறார் என்பதால் இதை எழுதுகிறோம்.

சுவரைப் பளிங்கு போலவும் பழைய கல் போலவும் தோன்றச் செய்யும் அலங்காரப் பூச்சுகள் பெயிண்ட் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. இது ஏதோ புதிதாக வந்த நாகரிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அத்தூண்களைத் தடவிப் பார்த்தவர்கள் கல் என்றே சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் முகம் பார்க்கலாம் போல மின்னுகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு அது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரைக்குச் சிரட்டைக்கரி சேர்த்தார்கள் என்பார்கள். ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்ற பெயரில் இந்தக் கைவேலையை வெள்ளைக்காரர்களும் வியந்து எழுதி வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். கல்லையோ சிப்பியையோ சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதை நீர்விட்டுத் தாளித்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கார்பனேட்டாகவே இறுகுகிறது. ஆகவே நன்றாக இழைத்த சுண்ணாம்புச் சுவரைப் போலிப் பளிங்கு என்று தள்ளிவிட முடியாது. பிளாஸ்டிக் பெயிண்டில் வரைந்த பளிங்கை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

கடுக்காயின் வேலை என்ன? நொறுக்கிய கடுக்காயை வெல்லத்தோடு நீரில் சில நாள் ஊறவிட்டு, வடித்த நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்ப்பார்கள். காயின் துவர்ப்புச் சத்தும் வெல்லமும் சாந்தை வழவழப்பாக்கி, சீக்கிரம் இறுகாமல் கரண்டிக்கு நேரம் கொடுக்கின்றன. அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றுவார்கள். அதன் பிறகும் சில நாள் சுவர் வியர்க்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். 2012இல் தீ விபத்தில் பாழான சென்னைச் சேப்பாக்கம் கலச மகாலைச் சீர்செய்தபோதும் இந்தச் சுண்ணாம்பு வேலைதான் கைகொடுத்தது. பழங்கோயில் திருப்பணிகளிலும் கடுக்காய்ச் சாந்துக்குக் கிராக்கி உண்டு.

இதை வீட்டில் புதிதாகத் தொடங்குபவர் செய்ய முடியுமா? முழுமையான சுண்ண வேலை பழகிய கைக்கு உரியது. அதில் முதலிலேயே இறங்கச் சொல்லமாட்டோம். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் வேண்டுமானால் பூசிப் பார்க்கலாம். வீட்டாருக்கு ஏற்றது, மேகம் படர்ந்தாற்போன்ற சுண்ணாம்பு வண்ணம். தாளித்து வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைக்கவேண்டும். கெட்டியாகக் கரைத்தால் ஒரே பூச்சில் முடியும் என்று தோன்றும், ஆனால் காய்ந்ததும் வெடித்து உதிரும். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிய மூன்று பூச்சு கொடுக்கவேண்டும். முதல் இரண்டும் வெள்ளை. மூன்றாவதில் காவியோ மஞ்சள் மண்ணோ சிறிது கலந்து, நார் மட்டையால் நேர்க்கோடாக இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக வீசிப் பூசி, காயுமுன் ஈரத்துணியால் அங்கங்கே ஒற்றினால் போதும். வண்ணப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கையில் ஒட்டும். பிடிப்புக்குக் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்ப்பது பழைய வழக்கம். இன்று பெவிகால் சேர்க்கிறார்கள்.

மஞ்சள் வண்ணத்துக்குச் சமையல் மஞ்சள்தூள் கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆரத்தித் தட்டை நினைவுபடுத்துங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகும், வெயில் பட்டால் அந்தச் சிவப்பும் வெளுத்துவிடும். காவி, மஞ்சள் மண், நீலம் ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை.

நாமும் ஒருமுறை கடையின் உட்சுவரில் இதைச் செய்து பார்த்தோம். பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்துவிட்டோம். பத்தே நாளில் அப்பளம் போலச் சுருண்டு அரிசி மூட்டைகளின்மேல் விழுந்தது. சுண்ணாம்பு, நீர் உறிஞ்சும் சுவரில்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் பெயிண்ட் பூசிய சுவருள்ளவர்கள் எமல்ஷன் கொண்டே பளிங்கு வரையலாம். வெள்ளைப் பூச்சு நன்றாகக் காய்ந்தபின், இளஞ்சாம்பல் நிறத்தைச் சம அளவு நீரில் கரைத்து, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுப்பது. பிறகு கோழி இறகின் நுனியால் ரேகை இழுத்து உடனே துணியால் மங்கச் செய்வது. ரேகைகள் வலைபோல ஒன்றையொன்று வெட்டினால் பார்த்தவுடனே குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பெயிண்டை விற்பவர்கள் ஒன்றைப் பார்க்கவேண்டும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. லேபிளில் அந்த விவரம் இல்லாத டப்பாவை மலிவாக வருகிறதென்று கொள்முதல் செய்யவேண்டாம்.

சுண்ணாம்பு இருப்பு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுட்ட கல் ஈரம் பட்டால் கொதித்து ஊதிப்பெருகும். சாக்கு, காகிதம் அருகே இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மழை ஒழுகும் கிடங்கில் மற்ற சரக்கோடு சேர்த்து அடுக்காதீர்கள். தாளித்து ஆறிய சுண்ணாம்பு விற்பதே சில்லறைக் கடைக்கு நல்லது. தாளிக்கும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரால் கால்மணி நேரமாவது கழுவி, மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். வாங்க வருபவரிடம் இதைச் சொல்லி அனுப்புவது நம் பொறுப்பு.

இனிக் கொள்முதல். கடுக்காய் பனிக்காலத்தில் முதிர்ந்து வரும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற பாதையில் மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கிச் சேர்க்கும் காய் அது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இத்தகைய சிறுவனப் பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்கு அளித்திருக்கிறது. மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வகைச் சரக்கை எடுக்கின்றன. அங்கே கேட்டு வாங்கினால் இடையில் மூன்று கை மாறாது, எடையிலும் கூட்டு இராது. கையில் எடுத்தால் கனமாக, புழுத்துளை இல்லாமல் இருக்கவேண்டும். நீரில் போட்டு மூழ்கும் காயே தரம். மருந்துக்குக் கேட்பவர்களுக்கு அதையே பொறுக்கிக் கொடுங்கள். கொட்டையை நீக்கிக்கொள்ளவும் சொல்லுங்கள். சற்றே சிறுத்த, நிறம் மங்கிய காயைக் கொத்தனாருக்குத் தனிச் சாக்கில் தனி விலையில் போடலாம். இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருக்கும் கடைகளில்தான் அந்த வியாபாரம் நிற்பதில்லை.